250 கிராம் பஞ்சாயத்து

குழு: நம்ம வீடு

சின்ன மாமா: [பலமுறை பகிரப்பட்டது] எச்சரிக்கை!! பொழுதுபோக்குக்கு ட்ரோன் பறக்கவிடும் அனைவரும் உடனடியாக அரசிடம் பதிவு செய்ய வேண்டும். தவறினால் சிறை, பெரும் அபராதம். பொம்மை ட்ரோனுக்கும் பொருந்தும். தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பவும்!!

சின்ன மாமா: நம் வீட்டிலேயே மூன்று பேர் பறக்கவிடுகிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி: மாமா, இது எந்த நாட்டுச் சட்டம்?

சின்ன மாமா: அதைப் போடவில்லையே. வந்ததை அனுப்பினேன்.

அக்கா: ஊர் பேர் இல்லாத சட்டத்துக்குச் சிறைத் தண்டனை வேறு 😄

பெரிய மாமா: எந்த நாடாக இருந்தால் என்ன? எல்லாம் ஒரே கூத்துதான். இங்கே அமெரிக்காவில் 2015 டிசம்பர் 21 அன்று ஆரம்பித்தார்கள். 250 கிராமுக்கு மேல் எதைப் பறக்கவிட்டாலும் எஃப்ஏஏவிடம் (இங்கே விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசுத் துறை) பெயர், முகவரி கொடுத்து எண் வாங்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அடுத்த பிப்ரவரி 19 வரை கெடு.

பெரிய மாமா: பால்சா கட்டையை அறுத்து, ஒட்டி, தாள் போர்த்திப் பறக்கவிட்ட காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். ஒருவர்கூட வந்து நீ யார் என்று கேட்டதில்லை. திடீரென்று வரிசையில் நில் என்றால்?

நான்: அஞ்சு டாலர்தானே மாமா கட்டணம்? அதற்கா இவ்வளவு கோபம்?

பெரிய மாமா: பணத்துக்கு யாருடா அழுதார்கள். 2012இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டது. அதில் 336ஆவது பிரிவு, மாடல் விமானங்களுக்கு எஃப்ஏஏ புதிதாக விதி எதுவும் போடக் கூடாது என்று சொன்னது. மூன்று வருடம் கழித்து அதே எஃப்ஏஏ விதி போடுகிறது. கேட்டால், இது புது விதி இல்லை, விமானம் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய சட்டத்தைத்தான் இப்போது அமல்படுத்துகிறோம் என்கிறார்கள்.

அக்கா: வழக்குப் போட்டார்களே?

பெரிய மாமா: எங்களைப் போலப் பறக்கவிடுகிற ஒரு வழக்கறிஞர், ஜான் டெய்லர் என்று பெயர், தனி ஆளாகப் போட்டார். 2017 மே 19 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாடல் விமானங்களைப் பொறுத்தவரை பதிவு விதி செல்லாது என்று. கட்டிய அஞ்சு டாலரைத் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்று எஃப்ஏஏ அறிவித்தது. எங்கள் கிளப்பில் சிலர் வாங்கினார்கள். நான் கேட்கவில்லை.

தம்பி: ஏன் மாமா?

பெரிய மாமா: எப்படியும் திரும்பக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். அந்த டிசம்பரிலேயே வந்துவிட்டது, ராணுவத்துக்கான வருடாந்திரச் சட்டத்தில் ஒரு மூலையில்.

தம்பி: பால்சா விமானம் ராணுவச் சட்டத்திலா!

பெரிய மாமா: எது கட்டாயம் நிறைவேறுமோ அந்த வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம். அடுத்த வருடம் 336ஆவது பிரிவையே எடுத்துவிட்டார்கள். இனி எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அம்மா: நான் ஒன்று கேட்கிறேன் அண்ணா. தலைக்கு மேலே கேமராவோடு ஒன்று வந்து நிற்கிறது. அது யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட் இருக்கிறது. இதற்கு மட்டும் ஏன் கூடாது?

தம்பி: அம்மா, ஸ்கூட்டர் நம்பரைத் தெருவில் நின்று படிக்கலாம். 100 அடி உயரத்தில் நிற்கும் ட்ரோனில் எறும்பு அளவு எழுத்தை எப்படிப் படிப்பீர்கள்?

அக்கா: எறும்பு அளவேதான். இங்கே பிரிட்டனில் பெரிய எழுத்தில், 3 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும் என்று விதி. கருவி இல்லாமல் திறக்க முடிந்தால் உள்ளேகூட ஒட்டலாம். என்னுடையது பேட்டரி அறைக்குள் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால்தான் எனக்கே தெரியும்.

அம்மா: அப்போது அந்த எண்ணால் யாருக்குப் பயன்?

அக்கா: விழுந்த பிறகு பயன். மரத்தில் மாட்டியதோ வயலில் விழுந்ததோ யார் கையிலாவது கிடைத்தால் உரியவரிடம் சேர்க்கலாம். பறக்கும்போது ஒன்றுமில்லை.

பெரிய மாமா: அமெரிக்காவிலும் முதலில் பேட்டரி அறைக்குள் ஒட்டலாம் என்றுதான் இருந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து வெளியே தெரிய ஒட்டு என்றார்கள். வெடிபொருள் வைத்திருந்தால், எண்ணைப் பார்க்க மூடியைத் திறக்கிறவருக்கு ஆபத்து என்பது காரணம். நியாயமான காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறக்கையில் பார்த்துப் பார்த்து வண்ணம் அடித்தவன் மனசு எப்படி இருக்கும்?

சின்ன மாமா: பிரிட்டனில் எப்போதிலிருந்து?

அக்கா: 2019 நவம்பர் 30 முதல். இரண்டு எண். வைத்திருப்பவருக்கு ஒன்று, பறக்கவிடுபவருக்கு ஒன்று. இரண்டாவதற்கு இணையத்தில் தேர்வு எழுத வேண்டும். கட்டணத்தை முதலில் வருடத்துக்கு 16.50 பவுண்டு என்றார்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தியதில் 9 ஆகக் குறைந்தது.

தம்பி: ட்ரோன் தெரிந்தது என்று லண்டன் கேட்விக் விமான நிலையத்தை மூடினார்களே, அதனால் வந்த விதிதானே அது?

அக்கா: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் 2018 மே மாதமே வந்துவிட்டது. கேட்விக் நடந்தது அந்த டிசம்பரில். ஏறக்குறைய 1,000 விமானங்கள், 1,40,000 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பதிவை எதிர்த்துப் பேசினால், அப்போது விமானத்தை விழவைக்கப் பார்க்கிறாயா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

அம்மா: யார் செய்தது அது?

அக்கா: தெரியாது. ஒரு தம்பதியைப் பிடித்துச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டார்கள். யார் மீதும் வழக்குப் பதிவாகவில்லை. போலீஸ் விசாரணையையே முடித்துக்கொண்டது.

பெரிய மாமா: இதைத்தான் நானும் தொண்டை கிழியச் சொல்கிறேன். விமான நிலையத்துப் பக்கம் வேண்டுமென்றே ட்ரோன் விடுகிறவன் இணையத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புவானா? வரிசையில் நின்று பதிவு செய்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காகப் பறக்கவிடுகிறவர்கள்.

அக்கா: அரைவாசி சரி மாமா. வேண்டுமென்றே செய்கிறவனைப் பதிவு தடுக்காது. ஆனால் பிறந்தநாளுக்கு வந்த ட்ரோனைப் பெட்டியைப் பிரித்த கையோடு பறக்கவிடுகிறவர்கள்தான் அதிகம். 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தேர்வை எழுதினால் அதுவாவது தெரியும். எனக்குப் பதிவு பிடிக்காது, தேர்வு பிடிக்கும்.

பெரிய மாமா: தேர்வை நானும் குறை சொல்லவில்லை. இங்கேயும் ஒன்று இருக்கிறது, டிரஸ்ட் என்று. இலவசம். ஆனால் அதற்கு என் முகவரி எதற்கு?

நான்: ஒரு சந்தேகம். எல்லா நாட்டிலும் ஏன் 250 கிராம்? யார் தராசில் வைத்துக் கண்டுபிடித்தது?

தம்பி: அது ஒரு சுவாரசியமான கணக்கு. 2015இல் எஃப்ஏஏ அமைத்த குழு போட்டது. 80 ஜூல் ஆற்றலோடு ஒரு பொருள் தலையில் விழுந்தால் உயிர் போகும் வாய்ப்பு 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ட்ரோன் மேலேயிருந்து செயலிழந்து விழுந்தால் விநாடிக்கு 25 மீட்டர் வேகம் என்று வைத்தார்கள். அரை பெருக்கல் எடை பெருக்கல் வேகத்தின் வர்க்கம். போட்டுப் பார்.

நான்: 0.25 கிலோவுக்கு 78 ஜூல் வருகிறது.

தம்பி: அதுதான். அங்கே கோடு கிழித்தார்கள்.

அம்மா: 251 கிராம் விழுந்தால் சாவு, 249 விழுந்தால் வீக்கமா?

தம்பி: 😄 அதோடு, அந்தக் கணக்கில் ட்ரோனை இரும்புக் குண்டு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் மோட்டாரைத் தாங்கும் கை மடங்கும், பிளாஸ்டிக் உடையும், பாதி ஆற்றல் அங்கேயே போய்விடும். ஆனால் ஒரு எண் வேண்டுமே, கிடைத்ததை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கனடா, ஐரோப்பா எல்லாம் 250தான். சீனாவும் முதலில் 250தான் வைத்தது.

அக்கா: கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? 2019இல் டிஜேஐ என்ற சீன ட்ரோன் கம்பெனியின் மாவிக் மினி வந்தபோது அதன் கையிலேயே 249 கிராம் என்று அச்சடித்திருந்தான்.

தம்பி: ஜப்பானில் அப்போது கோடு 200 கிராம். அதனால் அங்கே மட்டும் சின்ன பேட்டரி போட்டு 199 கிராமில் விற்றான். 2022 ஜூன் 20 அன்று ஜப்பான் 100 கிராமுக்கு இறக்கிவிட்டது. 199ஐ ஆசையாக வாங்கியவர்கள் எல்லாரும் பதிவு வரிசையில்.

அக்கா: பிரிட்டனிலும் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம். அதனால் 249 வாங்கித் தப்பித்தோம் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

சின்ன மாமா: இந்தியாவில் என்ன நிலவரம்? நம்ம பிள்ளை இங்கேதானே ட்ரோன் செய்கிறான்.

தம்பி: 2021இல் இரண்டு முறை விதி வந்தது மாமா. மார்ச்சில் வந்தது படிவங்களின் காடு. எல்லாரும் திட்டியதில் ஆகஸ்ட் 25 அன்று புது விதி. 25 படிவம் 5 ஆனது, 72 வகைக் கட்டணம் 4 ஆனது. 2 கிலோ வரை, பணத்துக்காக இல்லாமல் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை.

சின்ன மாமா: அப்புறம் என்ன குறை?

தம்பி: பெரிய மாமாவுக்கு அங்கே ஆளுக்கு ஒரு எண். அலமாரியில் எத்தனை விமானம் இருந்தாலும் அதே எண்ணை ஒட்டலாம். இங்கே ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி எண். அந்த எண் தயாரிப்பாளரின் வரிசை எண்ணோடும், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையின் எண்ணோடும் சேர்ந்தது. கடையில் வாங்கிய ட்ரோனுக்கு அது சரி. நான் எஃப்பிவி, அதாவது ட்ரோன் கேமரா காட்டுவதைக் கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டும் வகை, கையால் கட்டுகிறவன். இன்று மோட்டார் எரியும், நாளை பலகை கருகும், அடுத்த வாரம் இரண்டு உடைந்த ட்ரோனைச் சேர்த்து ஒன்றாக்குவேன். அதற்கு எந்த எண்? தயாரிப்பாளர் யார், நானா?

பெரிய மாமா: சரியான கேள்வி. விதி எழுதுகிறவர்கள் பெட்டியில் வருவதை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். கையால் கட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவர்கள் நினைவில் இல்லை.

தம்பி: இப்போது சின்னதாக ஒன்று கட்டியிருக்கிறேன். தராசில் வைத்தால் 252. பேட்டரி கட்டும் பட்டையின் வாலை வெட்டினேன், 251. நீள ஸ்குரூவை எடுத்துக் குட்டை ஸ்குரூ போட்டேன், 250. இப்போது ஆன்டெனா குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: தராசைக் காணோம் என்று காலையிலிருந்து தேடுகிறேன்!

தம்பி: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

அம்மா: பறக்கும்போது எண்ணைப் படிக்க முடியாது என்றால் வேறு வழி இல்லையா? ஃபோனில் காட்டுகிற மாதிரி ஏதாவது.

பெரிய மாமா: இருக்கிறது தங்கச்சி. ரிமோட் ஐடி. இங்கே 2023 செப்டம்பரிலிருந்து விதி, 2024 மார்ச் 16க்குப் பிறகுதான் கண்டிப்பு. பறக்கும்போதே ட்ரோன் தன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பக்கத்தில் இருக்கிறவர் ஃபோன் செயலியில் பார்க்கலாம். பெயர், முகவரி மட்டும் தெரியாது, அது அதிகாரிகளுக்குத்தான்.

அம்மா: நான் கேட்டது இதைத்தான். இதில் என்ன வருத்தம்?

அக்கா: ட்ரோன் இருக்கும் இடம் மட்டும் இல்லை அம்மா. அதைப் பறக்கவிடுகிறவர் நிற்கும் இடமும் தெரியும். விடியற்காலையில் ஆள் இல்லாத வெளியில் தனியாக நின்று படம் எடுக்கிறேன். நான் எங்கே நிற்கிறேன் என்பதை முன்பின் தெரியாத எவனும் ஃபோனில் பார்க்கலாம் என்றால்?

அம்மா: ஐயோ. அது வேண்டாம்.

அக்கா: யாருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி. போலீஸுக்குத் தெரியட்டும். பக்கத்தில் நிற்பவருக்கு ட்ரோன் எண் தெரியட்டும், புகார் கொடுக்கட்டும். என் காலடி எதற்கு?

பெரிய மாமா: அங்கீகரித்த கிளப் மைதானங்களுக்குள் ரிமோட் ஐடி இல்லாமல் பறக்கவிடலாம் என்று ஒரு சலுகை உண்டு. என் பால்சா எல்லாம் அங்கேதான் போகிறது. மைதானம் பக்கத்தில் இல்லாதவன் பாடு திண்டாட்டம்.

நான்: சரி, எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். கனடாவில் 250க்குக் கீழே பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. 249 கிராம் ட்ரோன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். குழந்தை இருக்கிற வீடு என்பதால் இறக்கையைச் சுற்றி ஒரு கூண்டு மாட்டலாம் என்று நினைத்தேன்.

தம்பி: கூண்டு மாட்டினால் 250ஐத் தாண்டும். மேலே மாட்டுவது எல்லாம் கணக்கில் சேரும். அப்போது பதிவு, தேர்வு இரண்டும் வேண்டும்.

நான்: விரல் வெட்டாமல் இருக்கக் கூண்டு போட்டால் படிவம், போடாவிட்டால் படிவம் இல்லையா?

பெரிய மாமா: அதுதான் அந்தக் கோட்டின் லட்சணம். பாதுகாப்பைக் கழற்றி வைத்தால் பதிவு விதி உன்னைத் தொடாது.

அம்மா: கூண்டை மாட்டு. படிவம் நிரப்பினால் கை தேய்ந்துவிடாது.

நான்: தேர்வு கஷ்டமா?

அக்கா: கனடா தேர்வில் வான்வெளி வகை, வானிலை எல்லாம் வரும். படிக்காமல் போய் உட்காராதே. ட்ரான்ஸ்போர்ட் கனடா என்னவெல்லாம் படிக்க வேண்டும் என்று வெளியிட்டிருக்கிறது, முதலில் அதை எடுத்துப் பார்.

தம்பி: வாங்கியதும் வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. பெட்டியில் ஒன்று, உடலில் ஒன்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா பார், பிறகு படிவத்தில் போடலாம்.

நான்: சரி. சனிக்கிழமை வாங்குகிறேன்.