ஃபிஷ் பாயில்: அந்த மண்ணெண்ணெய் எதுக்கு?

உப்புக்கல்:
அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலச் சமையல் திரியில், மீனும் உருளைக்கிழங்கும் உப்புத் தண்ணியில வேக வைக்கிற ஃபிஷ் பாயில் பத்தி ஏரிக்கரையான் நேத்து ஒரு தீர்ப்பு எழுதியிருக்கார்: "கடைசியில் மண்ணெண்ணெய் வீசிப் பொங்க விடலைன்னா அது ஃபிஷ் பாயிலே இல்லை, மீன் அலசின தண்ணி." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. மிச்சிகன் ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற டோர் கவுண்டியில் அந்த நெருப்பு, வெளியூர்க்காரங்க போனைத் தூக்கிப் படம் எடுக்கத்தான். 8 குவார்ட் (சுமார் ஏழரை லிட்டர்) தண்ணி, 2 கப் உப்பு, 12 சின்ன சிவப்பு உருளைக்கிழங்கு, 12 துண்டு ஒயிட்ஃபிஷ்ங்கற ஏரி மீன். உருளைக்கு 20 நிமிஷம், மீனுக்கு 8லேர்ந்து 10. மேல மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால வழிச்சுப் போடு. வேலை முடிஞ்சது. இதுல மண்ணெண்ணெய் எங்கேர்ந்து வந்தது?

ஏரிக்கரையான்:
உப்புக்கல் சார், நீங்க சொல்றது வீட்டு ஸ்டவ் கணக்கு. நான் சொன்னது கவுண்டி நடுவுல இருக்கற ஸ்டர்ஜன் பே ஊர்லேர்ந்து வடக்க, சர்ச்சும் தன்னார்வத் தீயணைப்புப் படையும் நிதி திரட்ட மைதானத்துல ஏத்துற அண்டாவை. 60 லிட்டர் கொதிக்குது, கீழ கட்டை விறகு எரியுது. கரண்டியோட கிட்டப் போங்க பார்ப்போம், கையில ரோமம் மிஞ்சாது.

ஏன் பொங்க விடறாங்கன்னு கேளுங்க. மீன் கூடையில இருக்கு, எண்ணெயும் நுரையும் தண்ணிக்கு மேல இருக்கு. கூடையைத் தூக்கினா மீன் அந்தப் படலத்துக்குள்ள புகுந்துதான் வெளிய வரணும். ஒவ்வொரு துண்டுலயும் வழவழன்னு கவிச்சை ஒட்டிக்கும். பொங்க விட்டா படலம் நாலு பக்கமும் வழிஞ்சு போயிடும், அதே தண்ணி தீயையும் அடக்கும், மீன் அதுக்கு மேல வேகாது. ரெண்டு பேர் கூடைக் காதுல கம்பைக் கோத்துத் தூக்கறதுக்கும் அப்பதான் வழி. இது வித்தையா?

அடுப்படி அகிலா:
மண்ணெண்ணெய் வாசம் மீன்ல இறங்காதா அண்ணா? நினைச்சாலே குமட்டுது.

ஏரிக்கரையான்:
அண்டாக்குள்ள ஊத்தறதில்லைம்மா. ஒரு சின்ன டப்பா அளவு எடுத்து, காத்து முதுகுப்பக்கம் இருக்கற மாதிரி நின்னு, விறகோட அடியில வீசணும், தீ எகிறி அண்டா பொங்கும். எதிர்க்காத்துல நின்னு வீசினா சுவாலை வீசினவர் மேலயே திரும்பும். பெட்ரோலைத் தொடவே கூடாது, அதோட ஆவி குப்புன்னு பத்தும். மண்ணெண்ணெய் தப்பி அண்டாவுல விழுந்தா அத்தனை மீனும் குப்பைதான். அதனாலதான் கண்டவங்க கையில டப்பாவைக் குடுக்கறதில்லை, அதுக்குன்னு பாயில் மாஸ்டர் இருக்கார்.

உப்புக்கல்:
பாத்தீங்களா, அவரே சொல்லிட்டார்: தப்பினா மொத்தமும் குப்பை. கரண்டி தப்பினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. நீளக் கைப்பிடி போட்ட கரண்டின்னு ஒண்ணு விக்குது சார். அந்தக் காலத்து மரவெட்டிகளும் மீனவங்களும் இருக்கற மண்ணெண்ணெயை விளக்குக்கு வெச்சுப்பாங்களா, தெருவுல வீசுவாங்களா?

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் உப்பை விட்டுட்டீங்க. அங்க சொல்ற கணக்கு 2 கேலனுக்கு 1 பவுண்டு, அதாவது லிட்டருக்குச் சுமார் 60 கிராம். கடல் தண்ணியிலயே 35தான். உப்பு போட்டாத்தான் எண்ணெய் மிதக்கும்னு அங்க எல்லாரும் ஓதுவாங்க. மீனெண்ணெய் அடர்த்தி 0.92 பக்கம், அது வெறும் தண்ணியிலயே மிதக்கும். கொதிநிலை ஏறுதுன்னு இன்னொரு கதை. ஏறுது, ஒரே ஒரு டிகிரி. உப்போட நிஜமான வேலை சதையை இறுக்கி, துண்டு உதிராமப் பிடிக்கறது.

ஏரிக்கரையான்:
கணக்குப்பிள்ளை, எண்ணெய் மிதக்கும்னு நீங்களே சொல்றீங்க. மிதக்கறதை வெளிய தள்ளணும். தள்ள மண்ணெண்ணெய் வேணும். நன்றி, வணக்கம்.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னது அது இல்லையே ஐயா!

பூயா பிரியன்:
சண்டைக்கு நடுவுல ஒரு தெக்கத்தி குரல். டோர் கவுண்டின்னா வடக்குப் பாதி மட்டுமா? தெற்குல குடியேறினவங்க பெல்ஜியத்து வாலோன்கள். அவங்க சர்ச் பிக்னிக்ல கொதிக்கறது பூயா. கோழி, மாட்டு வால், முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் போட்டு, துடுப்பு மாதிரி மரக்கட்டையால ராத்திரி பூரா கிண்டற குழம்பு. அதுக்கு எவனும் மண்ணெண்ணெய் வீசறதில்லை, ஊரே வரிசையில நிக்குது.

ஏரிக்கரையான்:
வந்துட்டாரா! போன பூயா திரியில எலும்பை எடுக்காமப் பரிமாறலாம்னு அடம்பிடிச்ச ஆள்தானே நீங்க? 10 மணி நேரம் கிண்டினதுல சில்லெலும்பு யார் தொண்டையில குத்தும்னு கேட்டேன், இன்னிக்கு வரைக்கும் பதிலைக் காணோம்.

பூயா பிரியன்:
அதை இங்க ஏன் இழுக்கறீங்க? சரி, ஒண்ணு சொல்றேன். கவுண்டிக்குக் குறுக்க கால்வாய் வெட்டினதுக்கு அப்புறம் வடக்குப் பாதி தீவு மாதிரிதான். ஸ்டர்ஜன் பேயில மூணு பாலத்தையும் தூக்கிட்டா உங்க மீனும் மண்ணெண்ணெயும் அந்தப் பக்கமே கிடக்க வேண்டியதுதான்.

ஏரிக்கரையான்:
ஸ்டர்ஜன் பேயை வம்புக்கு இழுக்காதீங்க. ஜனவரி 15க்கு, கப்பலை ஏரி விட்டு ஏரி ஏத்தி இறக்கற சூ லாக்ஸ் மதகு மூடினதும் ஆயிரமடிக் கப்பல் வந்து ரிப்பேருக்கு நிக்கற ஊர் அது. பத்தாயிரம் பேர்கூட இல்லாம அத்தனை வேலை பாக்கறவங்களுக்கு ஒரு அண்டாவைப் பொங்க வைக்கத் தெரியாதா? தெரியும். மண்ணெண்ணெய் வீசித்தான் பொங்க வைப்பாங்க.

அடுப்படி அகிலா:
பாலமெல்லாம் இருக்கட்டும். எனக்குப் போன தடவை உருளைக்கிழங்கு உப்புக் கரிச்சுது. 2 கேலனுக்கு 1 பவுண்டு கணக்குதான் போட்டேன்.

கணக்குப்பிள்ளை:
தோலை உரிச்சிருப்பீங்க. தோலோட, முழுசா, ஒரே அளவுக் கிழங்காப் போடணும். ரெண்டு முனையிலயும் மெல்லிசா ஒரு சீவல் மட்டும் எடுக்கலாம். வெடிச்ச கிழங்கு உப்பை உறிஞ்சிடும். உப்பையும் பாதிப் பாதியாப் போடுங்க, கிழங்கோட ஒரு பாதி, மீனோட மறு பாதி. மீன் எலும்போட, தோலோட, 2 அங்குலத் துண்டு. கத்தி நுனியால தொட்டா சதை முள்ளை விட்டு விலகணும், உதிரக் கூடாது.

உப்புக்கல்:
பாரம்பரியம் பாரம்பரியம்னு குதிக்கறவருக்கு ஒரு கேள்வி. முன்ன அண்டாவுல போட்டது லேக் ட்ரவுட் மீன். மீன் ரத்தத்தை உறிஞ்சற கடல் லாம்ப்ரே புகுந்து மிச்சிகன் ஏரியில அதை 1950களுக்குள்ள துடைச்செடுத்த பிறகு ஒயிட்ஃபிஷ் அந்த இடத்துக்கு வந்தது. மீனையே மாத்தலாம், கரண்டிக்கு மாறினா மட்டும் குத்தமா?

ஏரிக்கரையான்:
மீன் மாறினாலும் எண்ணெய் மாறலையே. சரி, பொங்காமப் போறது எதனாலன்னு உங்களுக்குத் தெரியுமா? விளிம்புக்கு நாலு விரல் கீழ தண்ணி இருந்தா எவ்வளவு வீசினாலும் பொங்காது. ஈர விறகா இருந்தா புகைதான் வரும். காத்து ஒரு பக்கமா அடிச்சா ஒரு பக்கம் மட்டும் வழியும், மறு பக்கத்துல படலம் அப்படியே நிக்கும். இத்தனை நுணுக்கம் இருக்கற வேலையைப் போய் சுற்றுலா வித்தைங்கறீங்க.

உப்புக்கல்:
கரண்டிக்கு காத்தும் தேவையில்லை, விறகும் தேவையில்லை.

பூயா பிரியன்:
கடைசியில தட்டுல வைக்கிற செர்ரி பைங்கற இனிப்புல இருக்கறது மட்டும் டோர் கவுண்டி செர்ரிதானா? புளிப்புச் செர்ரியில பெரும்பங்கு ஏரிக்கு அந்தப் பக்கம், மிச்சிகன்லதான் விளையுது.

ஏரிக்கரையான்:
செர்ரிக்கு தனித் திரி போடுங்க, அங்க வந்து பேசறேன். இங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: 60 லிட்டர் அண்டா, விறகுத் தீ, கரண்டி. எத்தனை அடி நீளக் கைப்பிடி, யார் பிடிக்கறது, வழிச்ச எண்ணெயை எங்க கொட்டறது? தீயில கொட்டினா அது பத்துமா பத்தாதா? உப்புக்கல் சார் இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

உப்புக்கல்:
வாளியில கொட்டுங்க சார். வாளின்னு ஒண்ணு விக்குது.