திடீரென உடல்நிலை மோசமானால் முதலில் எந்த மருத்துவமனைக்குச் செல்வது?

கேள்வி – மலையடிவாரம்

வணக்கம். என் பெற்றோர் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் தனியாக வசிக்கிறார்கள். அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் 3 கிலோமீட்டர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்ற மாதம் ஒரு மாலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாய் கோணி, வலது கை துவண்டுவிட்டது. பதறிப்போன அக்கம்பக்கத்தினர் அவரை அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்ததிலேயே மூன்று மணி நேரம் கழிந்துவிட்டது. பெரிய மருத்துவமனையை அடைந்தபோது, ஊசி போடுவதற்கான நேரம் கடந்துவிட்டது என்றார்கள். உதவிக்கு வந்தவர்கள் மீது எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆனால், இன்னொரு முறை இப்படி நேரக்கூடாது. பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போவதா, தூரமானாலும் வசதியுள்ள இடத்துக்குப் போவதா?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு வந்தது பக்கவாதம். அதற்கு முதலில் தேவைப்படுவது மருந்து அல்ல, சி.டி. ஸ்கேன். மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்துக் கசிந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, இடையில் எங்கும் நிற்காமல் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். நன்றாக இருந்ததைக் கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, விழுங்குவது சிரமமாக இருக்கும் என்பதால் தண்ணீரும் வேண்டாம்.

பதில் – வைகைக்கரை

செவிலியர் அம்மா சொல்வது பக்கவாதத்துக்கு முற்றிலும் சரி. நெஞ்சுவலிக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். என் மாமாவை அப்படித்தான் காப்பாற்றினோம். 3 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

பாம்புக்கடிக்கும் இதே வழிதான், ஆனால் விஷமுறிவு மருந்து இருப்பு உள்ளதா என்பதை இப்போதே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். உங்கள் பகுதியில் தரையில் படுப்பவர்கள் அதிகம் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன்: கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது, விடியும்போது வயிற்றுவலி வரும், கண் இமை சரியும். வாயுப்பிடிப்பு என்று எண்ணிச் சோடா குடித்துக் காலம் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிற்றால் இறுகக் கட்டாமலும் கீறாமலும், கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் கொண்டு செல்லுங்கள்.

கேட்டவர் – மலையடிவாரம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம்: அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. 108 வண்டி வரும்வரை அவருக்கு என்ன செய்யலாம்?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கி வையுங்கள். சர்க்கரை வெகுவாகக் குறைந்தாலும் பேச்சு குழறும், கை துவளும், பார்ப்பவருக்குப் பக்கவாதம் போலவே தோன்றும். அளவு 70-க்குக் கீழ் இருந்து, அவர் நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐ அழைக்கும்போதே அளவையும் அறிகுறியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு இப்போது இயன்முறைப் பயிற்சி தொடர்கிறதா? அதை நிறுத்திவிடாதீர்கள், தம்பி.