மச்சில் கிடந்த வாள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எங்கள் வீடு தக்கலைப் பக்கம், உதயகிரிக் கோட்டையிலிருந்து நடக்கும் தூரம். போன வாரம் மச்சு ஒதுக்கும்போது ராணுவ அதிகாரியின் வாள் ஒன்று கிடைத்தது. பாட்டாவின் அப்பா திருவிதாங்கூர் நாயர் பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் கணக்கெழுதியவர். துரை கப்பலேறும்போது அதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது வீட்டுக் கதை. எனக்கு அதில்தான் சந்தேகம். அலகில் உள்ள எழுத்தைப் பார்த்தால் பட்டாளம் பரிசாகக் கொடுத்த வாள் போலிருக்கிறது, அதை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா?

அலகில் கொடி வேலைப்பாடு, நடுவில் சங்கு முத்திரை. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆறுமுனை நட்சத்திரத்துக்குள் ஒரு பித்தளைப் பொட்டு, அலகின் முதுகில் ஐந்து இலக்க எண். லண்டன் வில்கின்சன் கம்பெனி செய்த வாள்களில் இப்படி இருக்கும், எண்ணை வைத்துச் செய்த வருஷத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். யாருக்குக் கொடுத்தார்கள் என்ற வரியில் 'கேப்டன்' மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பேர் போய்விட்டது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெரியம்மை புளி போட்டுத் தேய்த்த பலன்!

1956 வரை எங்கள் ஊர் மலையாள ராஜ்யத்தோடு இருந்ததால் பழைய தாள்களுக்குத் திருவனந்தபுரம்தான் போக வேண்டும். அங்கே ஆவணக் காப்பகத்தில் பட்டாளப் பதிவேடு தேடியவர்கள் உண்டா? எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும், பழைய கையெழுத்து என்றால் சுத்தம். தேய்ந்த எழுத்தைப் படிக்க வழி இருக்கிறதா? அப்புறம், உறையின் தோல் உதிர்கிறது, என்ன பூசலாம்?

விலைக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம். பாட்டா காதில் விழுந்தால் அதே வாளோடு என்னிடம்தான் வருவார்.