கன்சோல் விலை: காரைக்குடி வட்டார அனுபவப் பகிர்வு
(கன்சோல் என்றால் கேம் ஆடும் பெட்டி. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் கீழே அந்த ஊர்க்காரர் ஒருவர் பேசுகிறார்.)

செக்காலை ரோடு:
தீபாவளி நெருங்கினால் கடையில் விழும் முதல் கேள்வி, "அண்ணே, பிஎஸ்5 இன்னும் எவ்வளவு இறங்கும்?" பிஎஸ்5 என்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5. இறங்கும், திரும்ப ஏறியும்விடும். 2021 பிப்ரவரி 2-ல் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990, டிஸ்க் இல்லாமல் நெட்டில் இறக்கி ஆடும் டிஜிட்டல் 39,990 ரூபாய். 2022 நவம்பரில் இரண்டிலும் 5,000 ஏற்றினார்கள். 2024 ஏப்ரலில் வந்த சிறிய ஸ்லிம் மாடலும் அதே 54,990, 44,990. ஆக, அந்த விலையில் பண்டிகைக் கழிவு 5,000 என்று போர்டு வைத்தால் 2021 விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிஎஸ்2 காலத்து ஆட்கள் இன்னும் பழைய நினைப்பில் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அது 2000-ல் 299 டாலர். 2002-ல் 199, 2004-ல் 149, 2006-ல் 129, 2009-ல் 99. பிஎஸ்5 அங்கே 499-ல் தொடங்கி 2025 ஆகஸ்டில் 549 ஆனது. முன்பெல்லாம் சிப்பைச் சிறிதாக்கச் சிறிதாக்க அடக்கவிலை குறைந்தது. இப்போது சிப் சிறிதானாலும் அந்த அளவுக்குச் செலவு குறைவதில்லை. "அடுத்த வருஷம் பாதி விலைக்கு வரும்" என்பவரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடைக்குப் பெட்டியில் மிஞ்சுவது சொற்பம். இரண்டாவது கண்ட்ரோலர், சார்ஜிங் ஸ்டேஷன் என்று தலையில் கட்டப் பார்ப்பது அதனால்தான். பண்டல் என்றால் ஒவ்வொரு பொருளின் தனி எம்ஆர்பியையும் கூட்டிப் பாருங்கள். வேண்டாத கேம் ஒன்று உள்ளே இருந்தால் அது கழிவு கிடையாது.

கோட்டையூர்:
கன்சோலுக்கு விலை வைக்கும்போது செலவுக் கணக்கு பிறகுதான், எதிராளி என்ன வைக்கிறான் என்பதுதான் முதலில். 1995 மே, அமெரிக்காவில் இ3 கேம் கண்காட்சி. சேகா கம்பெனி தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்று அறிவித்தது. சோனியின் முறை வந்ததும் அதன் அதிகாரி ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, முதல் பிளேஸ்டேஷனுக்கு "299" என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். 2013 ஜூன் 10-லும் அதே கதை. காலையில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 என்றது, அன்று மாலையே சோனி பிஎஸ்4-க்கு 399 என்றது. அந்த 100 டாலர் பெரும்பாலும் பெட்டியோடு கட்டாயமாகச் சேர்த்த கினெக்ட் கேமராவால் வந்தது. மறு வருஷம் ஜூனில் கினெக்டைக் கழற்றிவிட்டு 399-க்கு இறக்கியும் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

சோனியும் சறுக்கியிருக்கிறது. 2006-ல் 60 ஜிபி பிஎஸ்3 விலை 599 டாலர். அதைப் பிரித்துப் பார்த்து ஐசப்ளை நிறுவனம் போட்ட மதிப்பீட்டில் அடக்கம் ஏறக்குறைய 840. பெட்டிக்கு 240 டாலர் கையைக் கடித்தது. செல் என்ற அதன் சிப்பும், படம் பார்க்கும் புளூ-ரே டிஸ்க் டிரைவும்தான் காரணம். அந்த வருஷம் வந்த தனி புளூ-ரே பிளேயரே ஆயிரம் டாலர் என்பதால், படம் பார்க்கவே பிஎஸ்3 வாங்கியவர்களும் உண்டு. கேம் ஆட வந்தவர்கள் ஒரு வருஷம் முன்பே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 பக்கம் போனார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து திரும்புகிறது? டிஜிட்டல் ஸ்டோரில் மற்ற கம்பெனி கேம் விற்றால் கன்சோல்காரர் எடுப்பது வழக்கமாக 30 சதவீதம். 4,999 ரூபாய் கேமில் 18 சதவீத ஜிஎஸ்டி போக 4,236. அதில் 30 சதவீதம் ஏறக்குறைய 1,270. நீங்கள் எட்டுக் கேம் வாங்கினால் 10,000 ரூபாய் அவர் பையில். 2021-ல் எபிக் என்ற கேம் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் கம்பெனி லாபமே பார்த்ததில்லை என்று சாட்சி சொன்னார். சோனி 499 டாலர் பிஎஸ்5-ஐ 2021 ஆகஸ்டுக்குள் நஷ்டமில்லாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

பள்ளத்தூர்:
கோட்டையூர் அண்ணே, எல்லாரும் நஷ்டத்துக்கு விற்பதில்லை. நிண்டெண்டோ கம்பெனி வீ (Wii) என்ற தன் கன்சோலை 249 டாலருக்கு முதல் நாளிலிருந்தே லாபத்தில்தான் விற்றது. கையில் வைத்து ஆடும் 3டிஎஸ்ஸில் மட்டும் அடி: 2011 மார்ச்சில் 249.99, ஆகஸ்டில் 169.99. தலைவர் இவாதா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். முன்பே வாங்கி ஏமாந்தவர்களுக்கு 20 பழைய கேம் இலவசமாகக் கொடுத்தார்கள். மற்ற கம்பெனிகள் அதைக்கூடச் செய்வதில்லை.

தேவகோட்டை:
நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பதால் "மாமா வரும்போது கொண்டு வருவார்" என்ற வழி எப்போதும் திறந்திருக்கிறது. ரிப்பேருக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன்.

கரண்டால் பிரச்சினை இல்லை. பிஎஸ்5 100–240 வோல்ட் தாங்கும், எட்டு வடிவக் கேபிளை மட்டும் நம் ஊர்ப் பின்னுக்கு மாற்றினால் போதும். சிக்கல் வாரண்டியில். ஸ்லிம் பெட்டியில் மாடல் நம்பர் பாருங்கள்: சிஎஃப்ஐ-2008 என்றால் இந்திய சரக்கு, சிஎஃப்ஐ-2018 என்றால் சிங்கப்பூர் பக்கம். இரண்டாவதை இந்திய சர்வீஸ் சென்டரில் வாரண்டிக்கு ஏற்க மாட்டார்கள். பெட்டியில் ஒட்டிய சீரியலும் கன்சோலில் இருக்கும் சீரியலும் ஒன்றா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும். ஆனால் டிஎல்சி, அதாவது கேமுக்கு மேல் தனியாக வாங்கும் கூடுதல் பகுதி, அக்கவுண்டின் நாட்டைப் பார்க்கும். சிங்கப்பூர் டிஸ்கைப் போட்டு இந்திய அக்கவுண்டில் டிஎல்சி வாங்கினால் பணம் போகும், கேமில் சேராது. பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) அக்கவுண்ட் தொடங்கியபின் நாட்டை மாற்ற முடியாது. அவசரத்தில் மாமாவின் அட்ரஸைப் போட்டுவிட்டால் புதிய அக்கவுண்ட்தான்.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் இன்னொரு பொறி. ஜப்பானில் 2025-ல் 49,980 யென்னுக்கு ஒன்று, 69,980-க்கு ஒன்று என இரண்டு மாடல் வந்தது. மலிவானதில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் அக்கவுண்ட் மட்டும்தான் ஏற்கும். உள்ளூர்க்காரருக்குக் குறைந்த விலை கொடுத்து, வெளியூர்க்காரர் அள்ளிக்கொண்டு போகாதபடி போட்ட வேலி அது. டோக்கியோவிலிருந்து ஆசையாக வாங்கி வந்து, மெனுவை எங்கே இங்கிலீஷுக்கு மாற்றுவது என்று கேட்டால் பதில் இல்லை.

பிஎஸ்5-ன் திறன் கூடிய மாடலான ப்ரோவை 2024-ல் சோனி இங்கே இறக்காததற்கு அதன் வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இந்தியாவில் அனுமதி இல்லாததுதான் காரணம். அப்போது சந்தையில் கிடைத்ததெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு.

கண்டனூர்:
டிஸ்க்கா டிஜிட்டலா என்று தம்பிகள் கேட்பதற்குக் கணக்கு ஒன்றே. ஸ்லிம் வந்த 2024 விலையில் வித்தியாசம் 10,000. டிஸ்க்கை 4,999-க்கு வாங்கி, முடித்து, 2,500-க்குத் தள்ளினால் நாலு கேமில் அந்தப் பணம் திரும்பிவிடும். டிஜிட்டலில் வாங்கியதை யாருக்கும் தள்ள முடியாது, ஸ்டோர் சொன்ன விலைதான். கம்பெனி டிஜிட்டல் பெட்டியை 10,000 குறைத்துக் கொடுத்ததன் சூட்சுமமும் அங்கேதான். ஸ்லிம் டிஜிட்டலில் பிறகு டிரைவ் மாட்டலாம், முதல்முறை மாட்டும்போது நெட் இருந்தே ஆக வேண்டும். 2021-ல் வந்த பழைய டிஜிட்டலில் மாட்ட இடமே இல்லை. செகண்ட் ஹேண்டில் அதைத் தள்ளிவிடுவார்கள், ஜாக்கிரதை.

புதுவயல்:
எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் 34,990 என்று 2020 நவம்பரில் வந்தபோது மலிவுதான். உள்ளே 512 ஜிபி, கைக்குக் கிடைப்பது 364 ஜிபி, பெரிய கேம் மூன்று ஏற்றினால் நிறைந்துவிடும். சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கலாமே தவிர, புதுத் தலைமுறை கேமை அதிலிருந்து ஓட்ட முடியாது. அதற்கென்றே செய்த கார்டுதான் வேண்டும், விலையும் கார்டுக்காரர் வைத்ததுதான். பிஎஸ்5-ல் சந்தையில் கிடைக்கும் எம்.2 எஸ்எஸ்டி (உள்ளே செருகும் சிறிய சேமிப்புப் பலகை) போதும்: ஜென் 4 வகை, நொடிக்கு 5,500 எம்பி வேகம், சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் கட்டாயம், ஹீட்சிங்கோடு மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். உயரம் கூடினால் மூடி உட்காராது.

சந்தாவையும் கூட்டுங்கள். சோனியின் பிஎஸ் பிளஸ் எசென்ஷியல் வருஷத்துக்கு 2,999 இருந்தது, 2023 செப்டம்பரில் 3,949. எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் மாதம் 829-லிருந்து 1,389. பெட்டியை வாங்கியபின் ஏறும் விலைக்கு நம்மிடம் பேரம் இல்லை.

செக்காலை ரோடு:
புதுவயல் சொன்னதோடு ஒன்று. செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் ரவுட்டர் முகப்பில், டிவி இரண்டாங்கட்டில் என்றால் அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை வராது. டிஜிட்டல் மாடல் எடுப்பவர்கள் 30 மீட்டர் கேட்6 கேபிளையும் பட்ஜெட்டில் போடுங்கள். இழுக்கும்போது கரண்ட் வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள்.