புதுப்பிப்பு: தமிழ்ப் பதிவில் லிங்க் இடம் மாறி விழுந்தது ஏன்?

முன்னே கேட்டது இதுதான்: தோவாளைச் சந்தைப் பூ விலையைப் பைதான் நிரல் மூலம் ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில் போடுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் லிங்க் சரியாக விழுகிறது. தமிழில் எழுதினால் ஏதோ ஒரு வார்த்தையின் நடுவில் போய் உட்காருகிறது.

காரணம் பிடிபட்டது. மார்த்தாண்டத்து அண்ணன் ஒருத்தர் கைகாட்டிய திசைதான் சரி. ஏபிஐ (நிரல் நேரடியாகத் தளத்தோடு பேசும் வழி) மூலம் போகும் பதிவில் முகவரி தானாக லிங்க் ஆகாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பதிவோடு அனுப்பும் ‘ஃபேசெட்’ என்ற குறிப்பில் நாமே சொல்லணும். அந்தக் கணக்கு எழுத்தில் இல்லை, யூடிஎஃப்-8 (எழுத்தைக் கணினி சேமிக்கும் முறை) பைட்டில். ‘தோவாளை’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. நீளம் அளக்கும் பைதானின் லென், துணைக்குறிகளைத் தனியாக எண்ணி 6 என்கும். பைட்டில் 18! ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே வித்தியாசமே தெரியாது. லிங்குக்கு முன்னால் உள்ள வாசகத்தை என்கோட் செய்து (பைட்டாக மாற்றி), அந்த நீளத்தை பைட்ஸ்டார்ட்டாக, அதாவது தொடக்க இடமாகக் கொடுத்ததும் தீர்ந்தது. பைட்எண்ட், லிங்கின் கடைசி பைட்டுக்கு அடுத்த இடம்.

ஒரு பதிவுக்கான 300 எழுத்து வரம்பு மட்டும் நாம் எண்ணுகிற மாதிரியே, தமிழுக்கு நஷ்டமில்லை.

“படத்தோட பெட்டி வரலியே” என்று லிங்கின் முன்னோட்டப் பெட்டியைக் கேட்ட தம்பிக்கு: அதுவும் தானாக வராது. தலைப்பு, விவரம் இரண்டையும் நாமே ‘எம்பெட்’ என்ற இணைப்புப் பகுதியில் வைக்கணும், படத்தைத் தனியாக ஏற்றிச் சேர்க்கணும். நான் ஒரே பிச்சிப்பூ படத்தை நிரந்தரமாக வைத்துவிட்டேன். தினமும் விடியக்காலம் சந்தைக்குப் போய்ப் படமெடுக்க யாரால் முடியும்?

நிரல் வேண்டுமென்றால் கேளுங்க, தருகிறேன். ஓட்டும்போது உங்கள் முதன்மைப் பாஸ்வேர்டைப் போட வேண்டாம். ப்ளூஸ்கை செட்டிங்ஸில் இதற்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்ட் எடுத்தால் போதும்.