கியூபெக் பிரெஞ்சு கெட்டுப்போன பிரெஞ்சா?

லாச்சப்பல்வாசி:
என் அக்கா மகன் கனடாவின் கியூபெக் மாநிலத்து மொன்றியலில் பிறந்து வளர்ந்தவன். விடுமுறைக்குப் பாரிஸ் வந்திருந்தான். பாண் கடையில் பணிப்பெண் நன்றி சொன்னதும் "பியான்வெனு" என்றான். இங்கே அது வீட்டுக்கு வருபவரை வரவேற்கும் சொல். அந்தப் பெண் விழித்தார். இன்னொரு நாள் நண்பர் ஒருவர் 'தினே'க்குக் கூப்பிட, மதியம் பன்னிரண்டு மணிக்கே போய் நின்றான். அவர்கள் இரவு எட்டு மணிக்குத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். பள்ளி முழுக்கப் பிரெஞ்சில் படித்த பிள்ளைக்கே இந்த நிலை என்றால், அங்கே சொல்லிக்கொடுப்பது கெட்டுப்போன பிரெஞ்சுதானே?

மொன்றியல் அக்கா:
தம்பி, கோபத்தோடுதான் எழுதுகிறேன். 'தினே' மதியச் சாப்பாடு, 'சூப்பே' இரவுச் சாப்பாடு என்பது பிரான்சின் பழைய வழக்கம். பாரிஸ்காரர்கள் சாப்பிடும் நேரத்தைப் பிந்தித் தள்ளியபோது அவர்களோடு சொற்களும் நகர்ந்தன. நாங்கள் நகரவில்லை, அவ்வளவுதான். 'நான்', 'என்னை' என்று பொருள்படும் 'முவா' என்பதை இங்கே முதியவர்கள் 'முவே' என்பார்கள். அது ஒரு காலத்தில் அரசவையில் பேசிய உச்சரிப்பு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகுதான் 'முவா' மேலே வந்தது. 1763-இல் இந்த மண் பிரிட்டன் கைக்குப் போனபின் பாரிஸோடு தொடர்பு அறுந்தது. பழையது இங்கே தங்கிவிட்டது.

லொசான்காரன்:
தொண்ணூறுக்குப் பாரிஸ் 'நான்கு இருபது பத்து' என்று கணக்குப் போடுகிறது. சுவிட்சர்லாந்தில் எங்களுக்கு அது 'நோனாந்த்', ஒரே சொல். எழுபது 'செப்தாந்த்'. பெல்ஜியத்திலும் இப்படித்தான், பெல்ஜியம் ஆண்ட கொங்கோவிலும் இப்படித்தான். இதில் எது கெட்டுப்போனது?

லாச்சப்பல்வாசி:
வரலாறு சரி. ஆனால் பிள்ளைகள் வரலாற்றை வைத்து வேலை தேடுவதில்லை. கியூபெக் படங்களைப் பிரான்சில் பல தடவை வசன எழுத்தோடுதான் காட்டுகிறார்கள். ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்து இளைஞர்கள் பேசும் நூஷி என்ற தெருப்பேச்சு எனக்கு அறவே புரியாது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டாமா? உங்கள் ஊர்ச் செய்தி வாசிப்பவர்களே தெருப்பேச்சில் வாசிப்பதில்லையே!

மொன்றியல் அக்கா:
அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாசிப்பது பாரிஸ் பிரெஞ்சும் இல்லை. 'தி' என்பதைச் 'ட்சி' போலச் சொல்வது செய்தியிலும் கேட்கும். நீங்கள் 'வீக்கெண்ட்', 'பார்க்கிங்' என்கிறீர்கள், எங்களுக்கு அவற்றுக்குப் பிரெஞ்சுச் சொற்களே இருக்கின்றன. உங்கள் சாலைப் பலகையில் 'ஸ்டாப்', எங்களுடையதில் அதே பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் 'அரே'. பெண்களின் தொழில்பெயர்களைப் பெண்பாலில் எழுதச் சொல்லி கியூபெக் 1979-இலேயே பரிந்துரைத்தது. பிரான்சில் மொழிக்குக் காவலாக இருக்கும் பிரெஞ்சு அகாதமி 2019-இல்தான் இறங்கி வந்தது. நூஷி புரியவில்லை என்கிறீர்கள், ஆனால் கொண்டாடுவதற்கு அவர்கள் சொல்லும் 'ஆன்ஜாயே' இன்று பிரான்சின் அகராதிகளிலேயே இருக்கிறது. பெட்ரோல் நிலையத்துக்கு செனகல் கொடுத்த 'எசான்ஸ்ரி' எவ்வளவு அழகான சொல்! இன்று பிரெஞ்சு பேசுபவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான். பொது மொழி வேண்டும் என்றால் அதை அவர்களையும் கேட்டுத்தானே முடிவு செய்ய வேண்டும்?

லாச்சப்பல்வாசி:
'கெட்டுப்போன' என்றது தவறு அக்கா, அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பாரிஸ் வழக்கையும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அடுத்த கோடையில் இங்கே கல்லூரிக்கு வருகிறான்.

மொன்றியல் அக்கா:
சொல்லிக்கொடுங்கள் தம்பி. அவன் பேசும்போது திருத்தாமல், இங்கே இப்படிச் சொல்வார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.