சாண்டியாகோ மாப்போச்சோ நிலையத்துக்குப் போய் வந்தவர்கள் உண்டா?

நண்பர்களே, அடுத்த மாதம் அம்மாவோடு சிலி போகிறேன், சாண்டியாகோவில் மாப்போச்சோ ரயில் நிலையத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வால்பராய்சோ துறைமுக நகரத்துக்கு ரயில்கள் கிளம்பிய இடம், 1987-இல் ரயில் நின்றுபோய், 1990களில் கலாச்சார மையமாக்கினார்கள். நடைமேடைகளுக்கு மேலிருந்த அந்தப் பிரம்மாண்டமான இரும்புக் கூரையை இடிக்காமல் காப்பாற்றியதற்கே அவர்களைக் கும்பிடலாம்! நிகழ்ச்சி எதுவும் இல்லாத நாளில் கூரைக்கு அடியில் வரை விடுவார்களா, இல்லை முன்கூடத்தோடு சரியா? அம்மாவுக்கு முழங்கால் வலி, பக்கத்தில் இருக்கும் கால் இ கான்டோ மெட்ரோவில் இறங்கினால் படி ஏறாமல் வெளியே வர லிஃப்ட் இருக்கிறதா? மெர்காதோ சென்ட்ரல் மீன் சந்தையையும் சேர்த்துப் பார்க்க அரை நாள் போதுமா? அப்புறம், எங்களுக்கு ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது, ஆங்கிலத்தில் சமாளிக்கலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.